விழாமலே பழகலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் வார இணைப்பில், புதிதாக சைக்கிள் ஓட்ட வருபவர்களுக்காக ஒரு பக்கம் வெளியிட்டிருந்தீர்கள். டயர் காற்று, ஹெல்மெட், கியர் மாற்றும் முறை என்று எல்லாம் பயனுள்ள விஷயங்கள். ஷூவைப் பூட்டிப் பிடித்துக்கொள்ளும் கிளிப்லெஸ் பெடலைப் பற்றிச் சொல்லும் இடத்தில் மட்டும், ஆரம்பத்தில் எல்லோரும் சில தடவை விழத்தான் செய்வார்கள், விழுந்தால்தான் பழகும் என்கிற மாதிரி ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஒரு பிசியோதெரபிஸ்ட். பல வருடங்களாக கிளிப்லெஸ் பெடல் போட்ட சைக்கிள்தான் ஓட்டுகிறேன். கூட ஓட்டுகிறவர்கள் பலருக்கு இந்தப் பெடலைப் பழக்கியும் விட்டிருக்கிறேன். இதே பெடலில் விழுந்து மணிக்கட்டு உடைந்து, மாவுக்கட்டைப் பிரித்த பிறகு கையை மடக்க முடியாமல் சிகிச்சைக்கு வருகிறவர்களையும் பார்க்கிறேன். அவர்களால் கதவுக் குமிழைத் திருப்ப முடியாது. பாட்டில் மூடியைத் திறக்க முடியாது. "எப்படி விழுந்தீங்க?" என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே மாதிரிதான் பதில் வரும்: "வண்டி ஓடவே இல்லைங்க. சிக்னல்ல நின்னேன். கால் வரலை. அப்படியே சாஞ்சுட்டேன்."

நின்ற இடத்தில் சாய்வதுதானே, என்ன ஆகிவிடப்போகிறது என்று தோன்றும். ஓடும்போது விழுந்தால் உடம்பு கொஞ்ச தூரம் உருண்டோ சறுக்கியோ போகும், அடியின் ஒரு பங்கு அதில் குறையும். நின்றபடி விழுந்தால் அதற்கு வழி இல்லை. கால் இரண்டும் பெடலில் மாட்டியிருப்பதால் ஒரு காலை ஊன்றவும் முடியாது. கை தானாக நீளும். மொத்த எடையும் விரித்த உள்ளங்கையில் இறங்கும். மணிக்கட்டுக்குச் சற்று மேலே இருக்கும் ஆர எலும்பு முறிவது இப்படித்தான். கட்டைவிரலின் அடியில் இருக்கும் படகெலும்பும் இதே விதமாக முறியும். அந்த முறிவு முதல் எக்ஸ்ரேயில் சில சமயம் தெரியாமலே போய்விடும். அதனால் விழுந்த பிறகு கட்டைவிரல் பக்கம் வலி போகாமல் இருந்தால், 'சுளுக்கு' என்று விட்டுவிடாமல் மறுபடி டாக்டரிடம் காட்ட வேண்டும். எலும்பு பலவீனமான வயதில் இருப்பவர்களுக்கு இடுப்பில் அடிபட்டால் இன்னும் மோசம். இதையெல்லாம் விட எனக்குப் பெரிய பயம், வண்டிகள் போகும் பக்கமாக விழுவதுதான். பின்னால் வருகிறவருக்கு பிரேக் போட நேரம் இருக்குமா என்பது நம் கையில் இல்லை.

இதைத் தவிர்க்கவே முடியாது என்றால் நானும் சரி என்று ஏற்றுக்கொள்வேன். ஆனால் தவிர்க்க முடியும். ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தால் ஒரு தடவைகூட விழாமல் இந்தப் பெடலுக்குப் பழகலாம். அப்படிப் பழகியவர்கள் என்னுடன் ஓட்டுகிறார்கள்.

இந்தப் பெடலைப் பார்த்திராத வாசகர்களுக்காக இரண்டு வார்த்தை. ஷூவின் அடியில் கிளீட் என்று ஒரு சின்னத் தகடு திருகியிருக்கும். பெடலில் ஸ்பிரிங் வைத்த ஒரு பூட்டு இருக்கும். மிதித்தால் 'டக்'கென்று மாட்டிக்கொள்ளும். குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் விட்டுவிடும். இதற்கு முன்னால் பந்தய வீரர்கள் பாதத்தை ஒரு கூண்டுக்குள் நுழைத்துத் தோல்வாரால் இறுக்கிக்கொள்வார்கள். இறங்க வேண்டுமானால் ஓடும் வண்டியில் குனிந்து கையால் வாரைத் தளர்த்த வேண்டும். லுக் என்ற பிரெஞ்சு நிறுவனம் பனிச்சறுக்கு ஷூவைப் பலகையோடு இணைக்கும் பூட்டுகளைச் செய்துவந்தது. சறுக்குபவர் விழும்போது காலை விட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் கால் முறியும் என்பதற்காக உருவான பூட்டு அது. அதே யோசனையை 1984ல் அவர்கள் சைக்கிள் பெடலுக்குக் கொண்டுவந்தார்கள். மறுவருடம் பிரெஞ்சு வீரர் பெர்னார் இனோ அந்தப் பெடலோடு டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை ஜெயித்தார். 1990ல் ஷிமானோ என்ற ஜப்பானிய நிறுவனம் எஸ்.பி.டி. என்ற பெடலைக் கொண்டுவந்தது. அதன் கிளீட் சின்னதாக, ஷூவின் அடிப்பாகத்துக்குள் புதைந்து இருக்கும். போட்டுக்கொண்டு நடக்கவும் முடியும்.

ஆக, இந்தப் பெடலின் பெருமையே காலைச் சுலபமாக விட்டுவிடுவதில்தான் இருக்கிறது. நாமோ மாட்டுவதைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, கழற்றுவதைத் 'தானா வரும்' என்று விட்டுவிடுகிறோம்.

தானாக வராது. ஏன் என்று சொல்கிறேன். சாதாரணப் பெடலில் இருந்து காலை எடுக்க மேலே தூக்கினால் போதும். சின்ன வயதில் சைக்கிள் பழகிய நாளிலிருந்து உடம்பு அதைத்தான் செய்துவந்திருக்கிறது. புதுப் பெடலில், நிதானமாக இருக்கும்போது குதிகாலைத் திருப்ப வேண்டும் என்பது நினைவிருக்கும். முன்னால் போகிற கார் சட்டென்று நின்றால் நினைவிருக்காது. பதற்றத்தில் உடம்பு எப்போதும் பழைய பழக்கத்துக்குத்தான் போகும். காலைத் தூக்குவார்கள், வராது. இன்னும் பலமாகத் தூக்குவார்கள். அதற்குள் வண்டி நின்றிருக்கும், சாய ஆரம்பித்திருக்கும். சாய ஆரம்பித்த பிறகு குதிகாலைத் திருப்பினாலும், ஊன்ற நேரம் இருக்காது.

அப்படியானால் செய்ய வேண்டியது ஒன்றுதான். ரோட்டுக்குப் போவதற்கு முன்னாலேயே, திருப்பிக் கழற்றுவது யோசிக்காமல் நடக்கிற அளவுக்கு ஊற வேண்டும். அதற்குத் திரும்பத் திரும்பச் செய்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான். விழுவதால் அந்தப் பழக்கம் ஒரு துளிகூட வளராது. பயம்தான் வளரும். ஒரு தடவை விழுந்தவரைப் பின்னாலிருந்து பார்த்தாலே தெரியும். தோள் காதுவரை ஏறியிருக்கும், ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்திருப்பார், சிக்னல் தெரிந்ததுமே தலையைக் குனிந்து பெடலைப் பார்ப்பார். ரோட்டைப் பார்க்க வேண்டிய நேரம் அது.

என் தங்கைக்கு நான் பழக்கிவிட்ட விதத்தைச் சொல்கிறேன். அவள் ரொம்ப பயந்தவள், அதனால் எல்லாவற்றையும் மெதுவாகச் செய்தோம். முதலில் வண்டியில் ஏறவே இல்லை. ஷூவைக் கையில் எடுத்து, பெடலில் வைத்து அழுத்தச் சொன்னேன். 'டக்'. பிறகு ஷூவின் குதிகால் பக்கத்தைப் பிடித்து மெதுவாக வெளியே திருப்பச் சொன்னேன். கொஞ்ச தூரம் எந்தத் தடையும் இல்லாமல் அசையும். அந்தத் தளர்வு முழங்கால் நோகாமல் இருப்பதற்காக வைத்தது. அதைத் தாண்டினால் ஸ்பிரிங் எதிர்க்கும். அந்த எதிர்ப்பையும் தாண்டினால் விட்டுவிடும். கையால் நாலைந்து தடவை செய்து பார்த்ததும் அவள் முகம் மாறிவிட்டது. "இவ்வளவு லேசா அக்கா? இதுக்கா எல்லாரும் இப்படி பயப்படறாங்க?" என்றாள். கால் எந்த இடத்தில் விடுபடும் என்பதைக் கையாலும் கண்ணாலும் முதலில் தெரிந்துகொண்டால், பாதி பயம் அங்கேயே போய்விடும்.

அப்புறம் ஷூவைப் போட்டுக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். "முன்பாதம் நகரக் கூடாது. குதிகாலை மட்டும் வெளிய தள்ளு" என்றேன். எல்லோரையும் போல அவளும் கணுக்காலை வளைத்தாள். கணுக்காலை வளைத்தால் பாதம் சாயும், திரும்பாது. தொடையின் மேல் அவள் கையையே வைக்கச் சொல்லி, தொடை உள்பக்கமாக உருளுவதை உணரச் சொன்னேன். பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் கிட்டத்தட்ட நீண்டிருக்கும். அந்த நிலையில் முழங்கால் திரும்பாது, இடுப்பு மூட்டிலிருந்துதான் முழுக் காலும் திரும்ப வேண்டும். இது பிடிபட்டுவிட்டால் பலமே தேவையில்லை.

அதற்குப் பிறகுதான் சுவர். வண்டியைச் சுவரை ஒட்டி நிறுத்தி, சீட்டில் உட்கார்ந்து, சுவர்ப் பக்கத்துக் கையால் சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டும். வெளிப்பக்கத்துக் காலை மட்டும் மாட்டி, கழற்றி, மாட்டி, கழற்றி. பெடல் கீழே இருக்கும்போது, மேலே இருக்கும்போது, முன்னால் இருக்கும்போது, பின்னால் இருக்கும்போது. வண்டியைத் திருப்பி வைத்து மறுகாலுக்கும் அதே மாதிரி. குனிந்து பார்க்கக் கூடாது. அது நன்றாக வந்த பிறகு நான் ஒரு வேலை செய்வேன். பதினேழாம் வாய்ப்பாடு சொல்லச் சொல்லி, நடுவில் எப்போது வேண்டுமானாலும் "நில்" என்பேன். வாய்ப்பாட்டை நிறுத்தாமல் கால் மட்டும் விடுபட வேண்டும். என் தங்கை முதலில் "பதினேழு நாலு..." என்று நின்றுவிடுவாள், அல்லது கணக்கு சரியாக வரும், கால் வராது. இரண்டும் சேர்ந்து வரும் வரை அவளை ரோட்டுக்கு விடவில்லை. ரோட்டில் மனசு எப்போதும் வேறு எதையாவது கவனித்துக்கொண்டுதான் இருக்கும். அந்த நிலையிலும் கால் தன் வேலையைச் செய்ய வேண்டும்.

பிறகு ஆள் இல்லாத வெட்டவெளி, முடிந்தால் புல்தரை. முதலில் ஒரு காலை மட்டும் மாட்டி, மறுகாலைப் பெடலின் மேல் சும்மா வைத்து ஓட்டுவது. நிறுத்துவது. மறுபடி கிளம்புவது. கடைசியாகத்தான் இரண்டு காலும்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது, இதை யாரும் சொல்லிக்கொடுப்பதாகத் தெரியவில்லை. காலைக் கழற்றிவிட்டு விழுகிறவர்களும் இருக்கிறார்கள். இடது காலைச் சரியாகக் கழற்றியிருப்பார்கள், வண்டி வலது பக்கம் சாயும். அங்கே கால் மாட்டியே இருக்கிறது. "அக்கா, கழட்டிட்டேன், வண்டி அந்தப் பக்கம் போகுது!" என்று என் தங்கையும் கத்தினாள். நான் பக்கத்திலேயே நடந்துகொண்டிருந்ததால் தோளைப் பிடித்துக்கொண்டேன். இதற்குத் தீர்வு சுலபம். ஒரு காலைக் கழற்றியதும் அரைச் சுற்று விட்டு, மாட்டியிருக்கும் பெடலைக் கீழே கொண்டுவந்து, அதில் எடையைப் போட்டு நில்லுங்கள். சீட்டிலிருந்து லேசாக முன்னால் வாருங்கள். நிற்கப்போகும் கடைசி நொடியில் ஹேண்டில்பாரை, மாட்டியிருக்கும் காலின் பக்கம் துளி திருப்புங்கள். வண்டி தானாகவே கழற்றிய பக்கம் சாயும், அந்தக் கால் தரையில் இறங்கும். எந்தக் காலை முதலில் கழற்றுவது என்றால், சாலை ஓரத்தை ஒட்டிய பக்கத்துக் காலை. அப்போதுதான் தடுமாறினாலும் வண்டிகள் போகும் பக்கம் போகாமல் இருப்போம். ஒரு காலை வழக்கமாக வைத்துக்கொண்டாலும், இன்னொரு காலுக்கும் பயிற்சி வேண்டும். என்றைக்காவது வண்டி அந்தப் பக்கம்தான் சாயும்.

நிற்பதற்கு முன்னாலேயே கழற்றிவிட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதைவிட முக்கியம், நிற்பதற்கு முன் லேசான கியருக்கு வந்துவிடுவது. கனமான கியரில் நின்றால் மறுபடி கிளம்பும்போது ஒரு காலால் மிதிக்க வலு போதாது, வண்டி அலையும், அந்த அலைச்சலில்தான் இன்னொரு காலை மாட்டத் துழாவுவார்கள். மாட்டவில்லை என்றால் துழாவ வேண்டாம். அப்படியே மேலே வைத்து மிதித்துப் போங்கள், வேகம் எடுத்த பிறகு மாட்டிக்கொள்ளலாம். மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்கினால், முற்றிலும் நின்றுபோகும் வரை காத்திருக்காமல், வலு கொஞ்சம் மிச்சம் இருக்கும்போதே ஒரு காலைக் கழற்றிவிடுங்கள்.

பயிற்சிக்கு வெளியே இருக்கும் ஒரு விஷயம் ஸ்பிரிங். எஸ்.பி.டி. பெடலில் ஸ்பிரிங்கின் இறுக்கத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு சின்னத் திருகு உண்டு, 3 மி.மீ. ஆலன் கீ போதும். புதிதாகப் பழகுகிறவர்கள் அதை முடிந்த அளவு தளர்த்தித்தான் ஆரம்பிக்க வேண்டும். பெடலை வாங்கி மாட்டிக்கொண்டு வருகிறவர்களில் பலருக்கு அப்படி ஒரு திருகு இருப்பதே தெரியவில்லை, விற்றவரும் சொல்லியிருக்க மாட்டார். இரண்டு பக்கமும் பூட்டு இருக்கும் பெடல் என்றால், ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித் திருகு. இரண்டு பெடலுக்கும் சேர்த்து நான்கு. ஒரு பக்கத்தைத் தளர்த்தி மறுபக்கத்தை விட்டுவிட்டால், ஒரு சமயம் கால் சுலபமாக வரும், இன்னொரு சமயம் பிடித்துக்கொள்ளும். என்ன தப்பு என்றே புரியாது. நான்கையும் ஒரே அளவில் வையுங்கள்.

அறுபது தாண்டிய ஒரு பெரியவர் எங்களுடன் ஓட்டினார். சுவர்ப் பயிற்சி எல்லாம் செய்த பிறகும் அவருக்கு வலது கால் மட்டும் வரவே இல்லை. "இடது கால் வருதும்மா, இது மட்டும் மாட்டேங்குது. எனக்கு வயசாயிடுச்சு போல" என்று சோர்ந்துபோனார். அவரைப் படுக்கவைத்து, முழங்காலை மடக்கி, இடுப்பு மூட்டை மெதுவாகத் திருப்பிப் பார்த்தேன். இடது தொடை உள்பக்கம் நன்றாகத் திரும்பியது. வலது கொஞ்சம்தான் போனது, அதற்கு மேல் கதவு சாத்தியது போல நின்றுவிட்டது. இடுப்பு மூட்டில் தேய்மானம் தொடங்கும்போது முதலில் குறைகிற அசைவுகளில் இந்த உள்பக்கத் திருப்பம் ஒன்று. குதிகாலை வெளியே தள்ள வேண்டுமானால் அந்த அசைவுதான் வேண்டும். "ஐயா, நீங்க சரியாத்தான் செய்யறீங்க. உங்க மூட்டுல அந்த அசைவு இல்லை" என்றேன்.

அவரிடம் இருந்தது ஷிமானோவின் வழக்கமான கிளீட், எஸ்.எச்.51. அது பக்கவாட்டில் திருப்பினால்தான் விடும். அதே பெடலுக்கு எஸ்.எச்.56 என்று இன்னொரு கிளீட் உண்டு. அது பல திசைகளில் விடுபடும், காலைச் சாய்த்து மேலே இழுத்தாலும் வந்துவிடும். பதற்றத்தில் பழைய பழக்கம் தலைகாட்டினாலும் காப்பாற்றிவிடும் என்பதால், தொடக்கக்காரர்களுக்கு நான் இதைத்தான் முதலில் சொல்வேன். எழுந்து நின்று முழு பலத்தோடு மிதிக்கிறவர்களுக்கு எதிர்பாராமல் கழன்றுவிடலாம் என்பது மட்டும் நினைவிருக்க வேண்டும். பெரியவருக்கு அதை மாட்டிக் கொடுத்தோம். கொஞ்ச நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு, "எனக்கு சாதாரணப் பெடலே போதும்மா" என்று திரும்பிவிட்டார். அகலமான, முள் வைத்த சாதாரணப் பெடல் ஒன்று வாங்கினார். இன்றும் எங்களோடு ஓட்டுகிறார், யாரையும் விட ஒரு அடி பின்தங்குவதில்லை. அவர் செய்தது மிகச் சரி என்று நான் நினைக்கிறேன்.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. கிளிப்லெஸ் பெடல் போட்டால் காலை மேலே இழுத்தும் மிதிக்கலாம், அதனால் சக்தி ஏகமாகக் கூடும் என்று சொல்லித்தான் பலரை இதற்குள் இழுக்கிறார்கள். மிதிப்பதன் சக்தியில் பெரும்பங்கு கீழே அழுத்துவதில்தான் இருக்கிறது. 2007ல் வெளியான ஓர் ஆய்வில், தேர்ந்த சைக்கிள் ஓட்டிகளை வேண்டுமென்றே மேலே இழுத்து மிதிக்கச் சொன்னபோது, அதே வேலையைச் செய்ய அவர்களுக்கு உடல் ஆற்றல் அதிகமாகத்தான் செலவானது. இந்தப் பெடலின் நிஜமான நன்மை வேறு. குண்டும் குழியுமான இடத்திலும் மழையிலும் கால் நழுவாது. வேகமாகச் சுழற்றும்போது பாதம் தன் இடத்திலேயே இருக்கும். நீண்ட தூரத்துக்கு அது பெரிய நிம்மதி, எனக்கு அதனாலேயே பிடிக்கும். வேண்டாம் என்கிறவர்கள் எதையும் இழந்துவிடவில்லை.

மீண்டும் கிளீட்டுக்கு வருகிறேன். எத்தனை பழகியவரையும் விழவைக்கக்கூடிய ஒரு கோளாறு இருக்கிறது. எஸ்.பி.டி. கிளீட்டை ஷூவோடு இரண்டு போல்ட்டுகள் பிடித்திருக்கின்றன. அவற்றில் ஒன்று தளர்ந்து விழுந்துவிட்டால், குதிகாலைத் திருப்பும்போது ஷூ மட்டும் திரும்பும். கிளீட் பெடலிலேயே நிற்கும், மீதி இருக்கும் ஒரு போல்ட்டைச் சுற்றி ஷூ சும்மா சுழலும். எவ்வளவு திருப்பினாலும் கால் வராது. ஓட்டும்போது கால் வழக்கத்தைவிட அதிகம் ஆடுவதாகத் தோன்றினால், உடனே அந்தக் காலை மறந்துவிட்டு மறுகாலைக் கழற்றி, அந்தப் பக்கமாகவே நில்லுங்கள். பிறகு ஷூவின் பட்டையைத் தளர்த்தி பாதத்தை வெளியே எடுத்துவிடலாம், ஷூ பெடலிலேயே தொங்கட்டும். இது வராமல் தடுக்க, போல்ட்டில் கொஞ்சம் கிரீஸ் தடவி, 4 மி.மீ. ஆலன் கீயால் ஒழுங்காக இறுக்க வேண்டும். ஷிமானோ சொல்லும் இறுக்கத்தின் அளவு 5 முதல் 6 நியூட்டன் மீட்டர். புதுக் கிளீட் முதல் சில ஓட்டங்களில் அடிப்பாகத்தில் அழுந்தி உட்காரும்போது போல்ட் தளரும், அதனால் அந்த நாட்களில் மறுபடி மறுபடி பார்க்க வேண்டும்.

கிளீட்டின் இடம் தவறினால் விழ மாட்டோம், முழங்கால் பேசும். பெருவிரலின் அடியில் மேடாக இருக்கும் எலும்பையும் சுண்டுவிரலின் அடியில் இருக்கும் எலும்பையும் ஷூவின் மேல் தொட்டுப் பார்த்துக் குறித்துக்கொண்டு, இரண்டுக்கும் நடுவில் கிளீட்டின் மையம் வருமாறு ஆரம்பிக்கலாம். ரொம்ப முன்னால் வைத்தால் குதிகால் தசைநாணுக்கும் ஆடுசதைக்கும் வேலை கூடும், பாதம் எரியும். திசைக்கு, மேஜை விளிம்பில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டுப் பாருங்கள். விரல்கள் இயல்பாக எந்தப் பக்கம் பார்க்கின்றனவோ அதற்கு ஏற்ப கிளீட்டைத் திருப்புங்கள். ஒருவருக்கே இரண்டு காலும் ஒரே மாதிரி இருக்காது. புது ஷூவும் பெடலும் சேர்ந்து பாதத்தின் உயரத்தை மாற்றிவிடும் என்பதால், சீட் உயரத்தையும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். முழங்காலின் முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்வாக இருக்கலாம், பின்பக்கம் வலித்தால் உயரமாக இருக்கலாம்.

ரேஸ் சைக்கிள் ஷூக்களில் மூன்று போல்ட் பிளாஸ்டிக் கிளீட்டுகள் வரும். அவற்றில் நிறத்தை வைத்து வாங்குகிறவர்கள் கவனிக்கவும். ஷிமானோவில் சிவப்பு என்றால், மாட்டியிருக்கும்போது பாதத்துக்கு அசைவே கிடையாது, மஞ்சள் 6 டிகிரி அசையும். லுக் நிறுவனத்தின் கியோ வகைக் கிளீட்டில் சிவப்புதான் 9 டிகிரி, அதிகபட்ச அசைவு. கறுப்புதான் அசையாதது. ஒரு நிறுவனத்தின் பெடலில் இருந்து இன்னொன்றுக்கு மாறும்போது "எனக்கு எப்பவும் சிவப்புதான்" என்று வாங்கிவிட்டு முழங்கால் வலியோடு வந்தவரை நான் பார்த்திருக்கிறேன். பழகுகிற காலத்தில் அசைவு அதிகம் இருக்கும் கிளீட்டே நல்லது. இந்தப் பிளாஸ்டிக் கிளீட்டில் நடந்தால் தேயும், வழுக்கும். தேய்ந்தது எப்போது கழலும் எப்போது கழலாது என்று சொல்ல முடியாது. மாற்றும்போது பழையதைச் சுற்றி மார்க்கரால் கோடு போட்டுவிட்டுக் கழற்றினால், புதியதை அதே இடத்தில் வைக்கலாம்.

கடைசியாக, குழுக்களாக ஓட்டுகிற மூத்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள். புதியவர் ஒருவர் சிக்னலில் சாய்ந்தால் சுற்றி நின்று சிரித்து, "இப்போதான் நீ நம்ம ஆளு" என்று முதுகைத் தட்டுகிறீர்கள். அன்பாகத்தான் சொல்கிறீர்கள், எனக்குத் தெரியும். ஆனால் அதைக் கேட்கிற அடுத்த புதியவர், விழுவதும் பாடத்தில் ஒரு பகுதி என்று எடுத்துக்கொள்கிறார். பயிற்சியே இல்லாமல் நேராக ரோட்டுக்கு வருகிறார். பயந்த சுபாவம் உள்ளவர்களும் வயதானவர்களும் பக்கத்திலேயே வருவதில்லை. அவர்களுக்கு ஒரு மாலை நேரத்தை ஒதுக்கி, சுவர் ஓரமாக நின்று கழற்றப் பழக்கிவிடுங்கள்.

ஆசிரியர் அவர்களே, அடுத்த முறை இந்தப் பக்கத்தை வெளியிடும்போது அந்த வரியை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில், ஸ்பிரிங்கை முழுதும் தளர்த்துங்கள், சுவரைப் பிடித்துக்கொண்டு பார்க்காமல் கழற்றப் பழகுங்கள், அதுவரை ரோட்டுக்குப் போகாதீர்கள் என்று மூன்று விஷயம் போட்டால் போதும். படங்களோடு முழுப் பயிற்சியையும் வெளியிட விரும்பினால், எழுதித் தர நான் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
சைக்கிள் ஓட்டும் ஒரு பிசியோதெரபிஸ்ட்,
உங்கள் வாசகி